நாற்பத்தைந்து நாள்

காக்கி புக்கிட், மூன்றாம் தளம்.
இடப்பக்கம் கேக் செய்கிறார்கள்.
வலப்பக்கம் கதவே திறக்காத ஏதோ கம்பெனி.
நடுவில் என் ஷட்டர்.
உயர்த்தினால் வெண்ணிலாவும் பழைய பெட்ரோலும்
முகத்தில் முட்டிக்கொள்ளும்.

நான்கு கார் வைத்திருக்கிறேன்.
வேலைக்கு ரயிலில் போகிறேன்.

சிரிக்காதீர்கள்.
ஒவ்வொன்றுக்கும் வருடத்தில் நாற்பத்தைந்து நாள்தான் சாலை.
மிச்ச முந்நூற்றிருபது நாளும்
ஈரம் உறிஞ்சும் பெட்டி முனகிக்கொண்டிருக்க
போர்வைக்குள் கிடக்க வேண்டும்.
சுவரில் நான்கு நாட்காட்டி.
ஓட்டிய நாளைச் சிவப்பு மையால் சுழிப்பேன்.

மோரிஸ் மைனர், அறுபத்தொன்று.
மழை என்று பேச்செடுத்தாலே நின்றுவிடும்.
டாட்சன், எழுபத்திரண்டு. ஒருநாளும் கைவிட்டதில்லை,
அதனாலோ என்னவோ அதன்மேல் பிரியம் ஒரு மாற்றுக் குறைவு.
ஃபியட்டைப் பற்றிப் பிறகு.
கடைசியில் வோல்வோ. கருநீலம். என்னைவிட ஒரு வயது மூத்தது.
என் முழங்காலில் வலி வந்த அதே மாதம்
அதன் முன்சக்கர மூட்டிலும் சத்தம் வந்தது.

அதற்காக ஈப்போவில், ஒரு பழைய இரும்புக் கடையில்,
டிஸ்ட்ரிபியூட்டர் வாங்கினேன்.
துண்டில் சுற்றி மடியில் வைத்துப் பேருந்தில் வந்தேன்.
உட்லண்ட்ஸ் சோதனையில் இரண்டு முறை
எக்ஸ்ரே பெட்டிக்குள் அனுப்பிப் பார்த்தார்கள்.
"நீங்களே மாட்டுவீங்களா?" என்றார் அதிகாரி, சின்னப் பையன்.
அவனுக்கு அது மட்டும்தான் சந்தேகம்.

நானே மாட்டினேன்.
சரிபார்க்க வந்த மெக்கானிக் செங் ஹுவாட்
டார்ச்சை அணைத்துவிட்டுச் சொன்னார்:
"வண்டிக்கு ஒரு கோளாறும் இல்ல லா.
எல்லாம் பழசு, அவ்வளவுதான்."

ஜூலையில் வாடகை ஏறியது.
செலஸ்டின் வாயால் எதுவும் சொல்பவர் அல்லர்.
புதிய தொகையைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தார்.
என் சிவப்பு மையாலேயே சுழித்திருந்தார்.

மெல்பர்னிலிருந்து ஒருவர் வந்தார்.
வோல்வோவை மூன்று வாரமாக நான் எழுப்பவில்லை.
பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றவில்லை.
சோக்கை இழுக்க வேண்டும் என்று அவரிடம் சொல்லவும் இல்லை.
சாவியைப் பாதி திருப்பினார்.
பிடித்துக்கொண்டது.
புகையில்லை, இருமல் இல்லை,
கல்யாணப் பெண் போல் அப்படியொரு அடக்கம்.
துரோகி, என்றேன் உதட்டுக்குள்.
அவருக்குத் தமிழ் தெரியாது. அதற்குத் தெரியும்.

பாசிர் பாஞ்சாங்கில் கண்டெய்னர்.
தொட்டியைக் காலி செய்து, நான்கு சக்கரத்தையும் கட்டி,
கதவை மூடி முத்திரை வைத்தார்கள்.

திரும்பி வந்து நாட்காட்டியை எண்ணினேன்.
இருபத்தாறு சுழி. பத்தொன்பது நாள் மீதம்.
மோரிஸுக்கு மாற்றித் தர முடியுமா என்று
போனில் கேட்டேவிட்டேன்.
"மேடம், நாள் வண்டியோட போயிடும்" என்றாள் அந்தப் பெண்.
கிண்டல் இல்லாமல் சொன்னாள், அதுதான்.

எண்ணெய்த் தட்டை இன்னும் எடுக்கவில்லை.
குனிந்து பார்க்கிறேன், பழக்கம்.
சொட்டு இல்லை.

ஃபியட்டைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன்.
சொல்ல ஒன்றுமில்லை.
இடம் கிடைத்ததிலிருந்து கொஞ்சம் அகலமாக நிற்கிறது.

டிசம்பர் முப்பத்தொன்று.
மோரிஸுக்கு ஒரே ஒரு நாள் பாக்கி. அன்று முழுக்க மழை.
இரவு பதினொன்றரைக்கு மழை விட்டது.
சாய்தளத்தில் இறக்கும்போதே நின்றுபோனது.
கேக் கடைப் பையன்கள் இருவர் மாவுக் கையோடு வந்து
வாசல்வரை தள்ளினார்கள்.
மணி பதினொன்று ஐம்பது.
இன்னும் பத்து நிமிடம் சாலை எங்களுடையது.
எஞ்சின் பிடிக்கவில்லை.
உள்ளே உட்கார்ந்து ஹாரனை அழுத்தினேன்.
ஹாரன் வேலை செய்தது.